கடலில் கிடந்த நிழல்

வள்ளம் இல்லாத ஒரு வள்ளத்தின் நிழல் மாதாமுனைக் கடலில் வந்து கிடந்தது ஒரு புதன்கிழமை காலையில். அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது, வானத்தில் பொட்டு மேகம் கிடையாது, தண்ணீருக்கு மேலே எதுவும் மிதக்கவில்லை, எதுவும் பறக்கவில்லை, ஆனாலும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வள்ளத்தின் நிழல், முன்பக்கம் ஊரைப் பார்க்க, பாய்மரம் சற்றே இடது பக்கம் சாய்ந்திருக்க, பின்பக்கத்தில் ஓர் ஆள் ஒரு கையில் துடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையை நெற்றிக்கு மேல் வைத்துக் கரையைத் தேடுகிற மாதிரி நிற்க, அலை ஏறினால் ஏறி, அலை இறங்கினால் இறங்கி, இருந்த இடத்தை விட்டு அசையாமல் கிடந்தது. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "நம்ம எஸ்தாக்கியில்லா அது" என்றார் ஒருவர். "ஆமா, பாய்மரம் கோணையா நிக்கே" என்றார் இன்னொருவர். அதோடு இழுத்த வலையை இழுத்து முடித்தார்கள். மீன் வெயிலில் கிடந்து கெட்டுப்போகும் இல்லையா?

எஸ்தாக்கியின் பெண்டாட்டி கித்தேரிக்குச் சேதி சொல்ல ஆள் ஓட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவள் கருவாடு போடுகிறவள். கடலுக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற மணல்களத்தில் விடியும் முன்பே பாய் விரித்து, உப்பில் ஊறிய சாளையை வரிசை வரிசையாய்ப் பரப்பி, காக்கை விரட்டிக்கொண்டு நிற்பவள். அந்த நிழலை ஊரில் முதலில் பார்த்தவளே அவள்தான். பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த கூடையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நல்லவேளை நேற்று நான் வாயைத் திறக்கவில்லை என்று நினைத்தாள்.

நேற்று நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மாதாமுனையில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறைந்துபோகும். ரேஷன் கார்டுக்கு அதிகாரி கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் சொல்லுவாள். கோயிலில் புனிதர்களின் மன்றாட்டு மாலை படிக்கும்போது புருஷன் பேர் கொண்ட புனிதர் வந்துவிட்டால் அந்த இடத்தில் மட்டும் இருமிவிட்டு அடுத்த புனிதருக்குப் போய்விடுவாள். பாதிக் கோயில் இருமிக்கொண்டிருக்கும். ஆனால் கடலுக்குப் போனவன் திரும்பி வராமல், உடம்பும் கிடைக்காமல், நாற்பது நாள் ஆகிவிட்டதென்றால், நாற்பத்தொன்றாம் நாள் அவள் அலை விளிம்பில் போய் நின்று, வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாக, அந்தப் பேரைச் சத்தமாய்ச் சொல்லி, "போயிட்டு வாங்க" என்று விடை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துக்க மணி அடிப்பார்கள், அவன் சட்டையைப் பெட்டியில் வைத்துக் குழி மூடுவார்கள். அதுவரைக்கும் அவன் செத்தவனும் இல்லை, இருக்கிறவனும் இல்லை.

ஆடிக் காற்றில் போன எஸ்தாக்கிக்கு நாற்பத்தொன்றாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஊர் மொத்தமும் கரையில் கூடியிருந்தது. கித்தேரி அலையில் கால் நனைய நின்றாள். நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பங்குச் சாமி ஜெபப் புத்தகத்தைத் திறந்தபடி காத்திருந்தார். மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவனுக்குக் கை மரத்துப்போயிற்று. எஸ்தாக்கியின் தம்பி குரூஸ் பக்கத்தில் வந்து, "மைனி, ஒரு வார்த்த. சொல்லிருங்க, அண்ணன் நிம்மதியாப் போவட்டும்" என்று கெஞ்சினான். கித்தேரி உதட்டைக் கடித்துக்கொண்டு கடலையே பார்த்தாள். பத்தொன்பது வருஷம் ஆயுசைக் காப்பாற்றிக் கொடுத்த பேரை இப்போது சொல்லி நானே கொல்லவா என்று இருந்தது அவளுக்கு. விளக்கு வைக்கிற நேரமாகி, ஜனங்கள் ஒவ்வொருவராய் வீட்டுக்குப் போய்விட்டார்கள். விடிந்தால் நிழல்.

ஆக, அது ஏன் வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. விடை கொடுக்காத ஆள் வாசலில் நிற்கத்தானே செய்வான்! பங்குச் சாமி மட்டும் நிழலுக்கு அடக்கப் பூசை உண்டா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

கிழக்கே கடல், மேற்கே ஊர். ஆகவே காலையில் சூரியன் கடலிலிருந்து கிளம்பும்போது அந்த நிழல் நீண்டு நீண்டு கரை வரைக்கும் வரும். நிற்கிற ஆளின் தலை அலை விளிம்பைத் தாண்டி ஈர மணலில் விழும். உச்சி வெயிலில் சுருங்கி ஒரு வள்ளத்தின் அளவுக்கு ஒடுங்கும். சாயங்காலம் வெளிக்கடல் பக்கமாய் நீளும். கித்தேரி தினமும் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுபோய் அந்தத் தலையில் வாய் இருக்க வேண்டிய இடமாய்ப் பார்த்து மணலில் வைப்பாள். மகள் மெற்றில்டா, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள், பள்ளிக்கூட பஸ் வருகிற வரைக்கும் புத்தகத்தோடு போய் அப்பாவின் தலை நிழலில் உட்கார்ந்துகொள்வாள்; அவளுக்கு அங்கே கணக்கு நன்றாக ஏறியது. கித்தேரி களத்தில் நின்று இருவரையும் பார்ப்பாள். உலகத்தில் எத்தனையோ பேருக்குப் புருஷன் முழுசாய் இருந்தும் வீடு தங்குவதில்லை. எனக்கு நிழலாவது வாசலுக்கு வருகிறதே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தப்பு எங்கே நடந்தது என்றால், நிழல் என்பது கடல்காரனுக்குக் கிடைக்காத பண்டம் என்பதில்தான். தரையில் இருக்கிறவனுக்கு ஒரு வேப்பமரம், ஒரு பஸ் நிறுத்தம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சுவராவது உண்டு. வள்ளத்தில் நிற்கிறவனுக்கு என்ன உண்டு? மேலேயும் வெயில், கீழே தண்ணீரிலிருந்து திருப்பி அடிக்கிற வெயில். அப்படிப்பட்டவர்களுக்குக் கடல்மேலேயே, கரண்டு இல்லாமல், காசு இல்லாமல், குளுகுளுவென்று ஒரு நிழல் கிடைத்தால் விடுவார்களா? குரூஸ்தான் முதலில் தன் வள்ளத்தை அதற்குள் விட்டுக் கட்டுச்சோற்றைப் பிரித்தான். அண்ணன் நிழல், யார் கேட்பது! மேலே ஒன்றுமில்லாவிட்டாலும் வெயில் அந்த எல்லைக்குள் இறங்கவில்லை. அடுத்த நாள் நாலு வள்ளம். ஒரு வாரத்தில் மத்தியானமானால் இருபத்தேழு வள்ளமும் அங்கேதான். இடத்துக்குச் சண்டை வந்தது. சண்டை வந்தால் அந்த ஊரில் கமிட்டி போடுவார்கள், போட்டார்கள்; ஆளுக்கு அரை மணி நேரம், நேரம் தாண்டினால் மறுநாள் கிடையாது என்று கோயில் மைக்கில் அறிவித்தார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் வள்ளத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்த குரூஸ், தன் காலடியைப் பார்த்தான், பின்பு சுற்றிப் பார்த்தான், பின்பு மறுபடியும் காலடியைப் பார்த்தான். "ஏல, என் நெழல யாரும் பாத்தியளால?" என்றான். யாரும் பார்க்கவில்லை. பார்த்தால், அவர்களுக்கும் இல்லை. கரையில் ஏற்றி வைத்த வள்ளங்களுக்கும் இல்லை. வழக்கமாய் வள்ளத்தின் அடியில் படுத்துக் கிடக்கிற நாய்கள் அங்கே சுற்றி, இங்கே சுற்றி, படுக்க இடம் காணாமல் கடைசியில் கோயில் மண்டபத்துக்குக் குடிபோயின. கடலில் கிடந்த நிழல் மட்டும் அகன்றிருந்தது. அதற்குள் போய் அரை மணி நேரம் இளைப்பாறியவன் எவனோ, அவன் நிழல் எழுந்து வர மனசில்லாமல் அங்கேயே படுத்துவிட்டது.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. நிழல் இருந்து என்ன, வேலைக்கா போய் வந்தது, காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தது, அவ்வளவுதானே என்றார்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களை மட்டும் உச்சி வெயில் நேரத்துக்கு வரச் சொன்னார்கள். அந்த நேரம் யாருக்கும் நிழல் பெரிதாய் இருக்காது, மாப்பிள்ளையை உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். திருவிழாச் சப்பரம் போனபோது தூக்கியவர்கள் ஒருவருக்கும் நிழல் விழாமல், மாதா சுருபத்தின் நிழல் மட்டும் தெருவில் தனியாய் நடந்து போயிற்று. சனங்கள் முட்டுக்குத்திக் கும்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள்தான் அழுதன.

ஒவ்வொரு நாளும் நிழல் அகன்றது. அதன் நடுவில் எஸ்தாக்கியின் வள்ளம் கருமையாய்த் தெரிந்தது. அதைச் சுற்றி மற்றவர்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி, பாய்விரித்த மாதிரி, கார்த்திகை பிறக்கும்போது முனையிலிருந்து மணல்திட்டு வரைக்கும் குடாவையே மூடிவிட்டது. காலை, மதியம், மாலை என்று அது நீள்வதும் சுருங்குவதும் நின்றுபோயிற்று. மேகம் மூடி மழை இருட்டு கட்டிய நாளிலும் அது அப்படியே கிடந்தது. அப்போதுதான் கித்தேரிக்கு மூக்கில் ஒரு சந்தேகம் தட்டியது. களத்தில் நின்று நன்றாய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். கடலுக்கு வாசம் இல்லை. பிறந்தது முதல் மூக்கில் இருந்த அந்தப் பச்சை வாசம், கழுவி ஊற்றின மாதிரி போய்விட்டிருந்தது.

மீனும் போய்விட்டது. முதலில் நெத்திலி, பிறகு சாளை, பிறகு சாளையைத் துரத்தி வருகிற சீலா. வலையை இழுத்தால் தண்ணீர் மட்டும் வந்தது, அதுவும் என்ன தண்ணீர்! கலங்கலும் இல்லை, பாசியும் இல்லை, குடிக்கிற தண்ணீர் மாதிரி. கித்தேரியின் பாய்கள் சுருட்டியபடியே கிடந்தன. காக்கைகள் வந்து சுருட்டிய பாய்மேல் உட்கார்ந்து அவளையே பார்த்தன.

மாதத்துக்கு ஒரு தடவை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சுபத்ரா என்கிற பெண் வந்து கடல் தண்ணீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு போவாள். ஊரில் அவளுக்குப் பாட்டில் மேடம் என்று பேர். அவளிடம் கயிற்றில் கட்டிய ஒரு வெள்ளைத் தட்டு உண்டு. அதைத் தண்ணீரில் இறக்குவாள். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதைக் குறித்துக்கொள்வாள். அந்தத் தடவை நிழலின் ஓரத்தில் தட்டை இறக்கியவள், இறக்கினாள், இறக்கினாள், கயிறு தீர்ந்து தட்டு தரையில் போய் உட்கார்ந்தது. தட்டும் தெரிந்தது, தட்டின் கீழே மணலும் தெரிந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று. கரைக்கு வந்ததும் கித்தேரியின் களத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"அக்கா, போன மாசம் வரைக்கும் ஒரு ஆள் ஆழத்துல மறையுற தட்டு" என்றாள். "இப்ப தண்ணியில ஒண்ணுமே இல்ல."

"மீனு இல்லங்குறது தட்டு போட்டாத்தான் தெரியுமா? வலையக் கேட்டாலே சொல்லுமே" என்றாள் கித்தேரி.

"மீனச் சொல்லல. பச்சையச் சொல்றேன்." சுபத்ரா பழைய சீசா ஒன்றையும் புதிய சீசா ஒன்றையும் வெயிலில் தூக்கிக் காட்டினாள். பழையதில் மங்கலாய் ஒரு பச்சை ஆடியது. புதியதில் வெறும் கண்ணாடிதான் தெரிந்தது. "இது வெறும் அழுக்கு இல்லக்கா. கண்ணுக்குத் தெரியாத செடி. வேர் கிடையாது, இலை கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணியில ஆயிரக்கணக்குல மிதக்கும். அதுக்கு வேண்டியது வெயில்தான். வெயில் பட்டாத்தான் வளரும், ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். அதத் தின்னு கண்ணுல படாத பூச்சி வளரும், பூச்சியத் தின்னு சாளை வளரும். கடலோட மொத்தச் சமையலும் மேல்தண்ணியில, வெயில் இறங்குற ஆழத்துலதான் நடக்குது. உங்க கடல்ல அடுப்பே அணைஞ்சு கிடக்கு."

கித்தேரி இரண்டு சீசாவையும் மாறி மாறிப் பார்த்தாள். வெயிலை நம்பிப் பிழைக்கிற பிழைப்பு என்னவென்று அவளுக்கு ஒருத்தி வந்து சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் பாயில் கிடக்கிற மீன் என்ன ஆகும் என்று தெரிந்தவள். "அந்த நெழலு போயிட்டா பழையபடி வந்துருமா?" என்று கேட்டாள்.

"வந்துரும். வெளிக்கடல்ல இருந்து கொஞ்சம் உள்ள வந்தாப் போதும், வெயில் பாத்துக்கும். ஆனா அதை எப்படிப் போகவைக்கிறதுன்னு எங்க புத்தகத்துல இல்லக்கா."

எங்கள் ஊரில் இருக்கிறது என்று கித்தேரி சொல்லவில்லை. சீசாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாயை உதறப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் வந்தார்கள், குரூஸும் வந்தான். யாரும் உட்காரவில்லை. குரூஸ் தன் கையைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினான். விரல்களுக்குப் பின்னால் கோயில் கோபுரம் தெரிந்தது. விரல் இடுக்கு வழியாய் இல்லை, விரல் வழியாகவே தெரிந்தது.

"ஒரு வாரமா இப்படித்தான் மைனி" என்றான். "மொதல்ல நகம், இப்ப முழங்கை வரைக்கும். நெழலக் குடுத்தவன் எல்லாருக்கும் இதேதான். தண்ணி தெளிஞ்ச மாதிரி தெளிஞ்சுட்டு வாரோம். பசிக்கல, வேர்க்கல, ராத்திரி ஒறக்கம் இல்ல. என் பிள்ள என்னத் தாண்டிப் பாக்கான் மைனி, என்னயப் பாக்க மாட்டேங்கான்."

"நா என்ன செய்யணும்ங்குற?"

"ஒங்களுக்குத் தெரியும்."

கித்தேரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்கள அங்க போயி நெழலுல படுங்கன்னு நானா கூப்புட்டேன்? கமிட்டி போட்டு, மைக்குல சொல்லி, அரை மணி அரை மணியாப் படுத்தீங்கல்லா, அப்ப எங்க போச்சு புத்தி? அவுக என் வாசல்ல நிக்காவ. ஒருத்தருக்கும் ஒரு தீங்கும் செய்யல. நா சொல்ல மாட்டேன். போங்க!" என்று கத்தினாள். அவர்கள் போய்விட்டார்கள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. மெற்றில்டா பூசைக்குப் போய்விட்டு வந்து, வாசல்படியில் நின்று, "எம்மா, கஞ்சி வேண்டாம், பசிக்கல" என்றாள். கித்தேரி கிண்ணத்தை நீட்டிய கையோடு நிமிர்ந்து பார்த்தாள். பெண்ணின் பின்னால் வெயில் அடித்தது. வாசல் நிலையின் மரக்கோடு, மேலிருந்து கீழே, ஒரு இடத்தில்கூட அறுபடாமல், மகளின் கழுத்து வழியாகவும் தாவணி வழியாகவும் நேராய் இறங்கித் தரைக்குப் போயிற்று. தரையில் அவள் நிற்கிற இடத்தில் நிலையின் நிழல் இருந்தது, கதவின் நிழல் இருந்தது, கொடியில் காய்ந்த துணியின் நிழல்கூட இருந்தது. மெற்றில்டாவின் நிழல் இல்லை.

காலை காலையாய் அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படித்தது என்பது அப்போதுதான் கித்தேரிக்கு உறைத்தது. கிண்ணம் கையிலிருந்து விழுந்து கஞ்சி சிதறியது. "ஏட்டி, எத்தன நாளாட்டி?" என்றாள்.

"தெரியலம்மா. ஸ்கூல்ல போட்டோ எடுத்தாங்க, அதுல நா விழல. அப்பதான் பாத்தேன்." மெற்றில்டா சிரித்தாள், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தெருவில் போகிற ஆடு தெரிந்தது. "வலிக்கல்லாம் இல்லம்மா. அப்பா பக்கத்துல இருக்குற மாதிரி ஜில்லுன்னு இருக்கு."

கித்தேரி மகளின் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை இருந்தது, சூடு இல்லை. பிடித்த இடத்தில் தன் உள்ளங்கை ரேகை மகளின் கை வழியாய் அவளுக்கே தெரிந்தது. சுபத்ராவின் புதிய சீசா ஞாபகம் வந்தது. அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி, நேரே குரூஸின் வீட்டுக்குப் போனாள்.

"வள்ளத்த எடு. நா வாரேன்" என்றாள்.

மாதாமுனையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவது கிடையாது. வள்ளத்தைத் தாண்டி நடந்தாலே திட்டுவார்கள். குரூஸ் வாயைத் திறந்தான், தன் கை வழியாகத் தெரிந்த தரையைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டு துடுப்பை எடுத்தான். ஊர் கரையில் கூடி நின்றது. மணிக்கயிற்றுக்காரன் யாரும் சொல்லாமலே கோயிலுக்கு ஓடினான். கமிட்டிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மெற்றில்டா அலை விளிம்பு வரை வந்து நின்றாள்.

உச்சி வேளை. நிழலின் எல்லையைத் தாண்டியதும் கடலின் சத்தம் நின்றது. அலை இருந்தது, ஆனால் அலைக்குச் சத்தம் இல்லை. குளிர் அடித்தது. இருபத்தேழு வள்ளங்களின் நிழல், அதில் போன ஆட்களின் நிழல், ஒன்றுக்குள் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன. குரூஸ் துடுப்புப் போடும்போது ஒவ்வொருவராய்க் கண்டுபிடித்துப் பேர் சொன்னான், பிறகு சொல்லுவதை விட்டுவிட்டான். ஒரு இடத்தில் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக் குனிந்திருக்கிற ஒரு பெண்பிள்ளையின் நிழல். கித்தேரி அதன்மேல் கையை நீட்டித் தண்ணீரை ஒரு தடவை தடவிவிட்டாள்.

நடுவில் எஸ்தாக்கியின் வள்ளம். பக்கத்தில் பார்க்க அது அவ்வளவு பெரிதாக இல்லை. பாய்மரத்தின் கோணல், இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கிற அந்த நிலை, தலையில் கட்டிய துண்டின் முடிச்சு எல்லாம் அப்படியே இருந்தன. நெற்றிக்கு மேல் கையை வைத்து இத்தனை நாளும் அவன் தேடிக்கொண்டிருந்தது கரையை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கரை பக்கத்தில்தான் இருந்தது. கூப்பிடுகிற குரலைத்தான் அவன் தேடியிருக்கிறான்.

கல்யாணமான புதிதில் அவன் தொல்லை கொடுப்பான். "ஏட்டி, ஒரு தடவ எம்பேரச் சொல்லேன். நம்ம ரெண்டு பேருதான இருக்கோம், சுவரா கேக்கப் போவுது?" என்பான். "சொன்னா ஒங்க ஆயுசு கொறஞ்சிரும்" என்பாள் அவள். "கொறஞ்சாக் கொறயட்டும். ஒன் வாயால ஒரு தடவ கேட்டுட்டேன்னா அது போதும்" என்று சிரிப்பான். இன்னொன்றும் சொல்லுவான்: "ஒரு நாளு ஒன்ன வள்ளத்துல ஏத்திக் கூட்டிட்டுப் போறேன் பாரு. கடலுக்கு அந்தப் பக்கம் கருவாட்டு நாத்தமே கெடயாது." "ஊரு சிரிக்கும்" என்பாள் அவள். பத்தொன்பது வருஷம் இதே பேச்சு. அவன் கேட்டது இரண்டே இரண்டு. இரண்டையும் அவள் கொடுத்ததில்லை.

கித்தேரி வள்ளத்தில் எழுந்து நின்றாள். முதல் தடவை வாயைத் திறந்தபோது குரல் வரவில்லை. பழக்கம், தொண்டை இருமிவிட்டது. குரூஸ் தலையைத் திருப்பிக்கொண்டான். அவள் கரையைப் பார்த்தாள். அங்கே மெற்றில்டா நிற்கிற இடத்தில் கோயிலின் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

"எஸ்தாக்கி" என்றாள்.

அவளுக்கே அது புதுச் சத்தமாய் இருந்தது. நிழலின் நெற்றிமேல் இருந்த கை கீழே இறங்கிற்று.

"எஸ்தாக்கி" என்றாள் மறுபடியும். ஊர் வழக்கத்துக்கு ஒரு தடவை போதும். அவளுக்குப் போதவில்லை. "எஸ்தாக்கி, எஸ்தாக்கி! ஆசப்பட்டீங்கல்லா, கேட்டுக்கிடுங்க. பிள்ளய விட்டுட்டுப் போங்க. போயிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

கோயில் மணி அடித்தது. நிழல் முதலில் ஓரங்களில் பிய்ந்தது. ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, தண்ணீரின் மேல் மீன்கூட்டம் போகிற வேகத்தில் கரையைப் பார்த்து ஓடியது. கரையில் நின்றவர்களின் காலடியில் போய் ஒட்டிக்கொண்டது, இரண்டொன்று ஆள் மாறிப் போய், பிறகு வெட்கப்பட்டு மாற்றிக்கொண்டது. குரூஸின் நிழல் வள்ளத்தின் மேலேயே ஏறி அவன் மடியில் விழுந்தது, அவன் "ஆண்டவரே!" என்று கையைப் பார்த்தான், கையில் கறுப்பும் காய்ப்பும் திரும்பிக்கொண்டிருந்தன. நிழல் விலகின இடமெல்லாம் வெயில் தொபுக்கென்று கடலில் இறங்கியது. கரையிலிருந்து, "எம்மா! பசிக்கும்மா!" என்று மெற்றில்டா கத்துவது கேட்டது.

எஸ்தாக்கியின் வள்ளத்து நிழல் மட்டும் முன்பக்கத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு, வெளிக்கடலைப் பார்த்து மெதுவாய்ப் போயிற்று. குரூஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"மைனி, அதுல ரெண்டு பேரு இருக்காவ."

பின்பக்கத்தில் ஒருவன் துடுப்போடு நின்றான். முன்பக்கத்தில் முக்காடு போட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வள்ளத்தில் ஏறிப் பழக்கமில்லாதவள் உட்காருகிற மாதிரி. குரூஸ் கித்தேரியின் காலடியைப் பார்த்தான். அங்கே பலகைமேல் வெயில் மட்டும் விழுந்திருந்தது.

"தெரியும். திருப்பு வள்ளத்த" என்றாள் கித்தேரி.

பதினோராம் நாள் கடலுக்கு வாசம் வந்தது. அடுத்த மாதம் சுபத்ரா வந்து தட்டை இறக்கினபோது அது ஒரு ஆள் ஆழத்தில் மறைந்தது, அவள் வள்ளத்திலேயே கைதட்டினாள். பச்சை வந்தது, பச்சையின் பின்னால் கண்ணில் படாத பூச்சி வந்தது, பூச்சியின் பின்னால் சாளை வந்தது. முதல் சாளையை ஊர் கித்தேரியின் களத்தில்தான் கொண்டுவந்து கொட்டியது. எஸ்தாக்கியின் சட்டையை வைத்துக் குழி மூடினார்கள். கமிட்டி கடைசியாய் ஒரு தடவை கூடி, கடலில் எந்த நிழல் வந்தாலும் யாரும் அதில் உட்காரக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தது.

கித்தேரியின் நிழல் திரும்பி வரவில்லை. அவளும் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிந்துகொண்டு வருகிறாள். அவசரம் ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒரு விரல் கணக்கில்தான். இப்போது மணிக்கட்டு வரைக்கும் வந்திருக்கிறது. வெயில் அவள் கை வழியாக அப்படியே இறங்கிப் பாயில் விழுவதால் கருவாடு காய்வதில் ஒரு குறையும் இல்லை என்கிறாள். ஒரே தொந்தரவு காக்கைதான். காக்கை ஆளுக்குப் பயப்படுவதில்லை, மேலே விழுகிற நிழலுக்குத்தான் பயப்படுகிறது. இவள் பக்கத்திலேயே நின்றாலும் அது பாட்டுக்கு வந்து கொத்திக்கொண்டு போகிறது.

மெற்றில்டா இப்போது சுபத்ராவின் நிலையத்தில் வேலையில் இருக்கிறாள், சீசாவும் தட்டுமாய் அவளும் மாதம் ஒரு தடவை வருகிறாள். வரும்போதெல்லாம் அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எம்மா, ஒன் நெழலப் பேரு சொல்லிக் கூப்பிடேன். நீ கூப்பிட்டா வந்துரும்" என்பாள்.

"கெடக்கட்டும் புள்ள" என்பாள் கித்தேரி. "பத்தொம்பது வருசமா கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டுப் போறேன்னுதான் சொல்லிட்டிருந்தாரு எஸ்தாக்கி. இப்பதான போயிருக்கேன். நல்லாச் சுத்திட்டு வரட்டும்."

மெற்றில்டா எழுந்து போய், தன் நிழல் பாயின் மேல் விழுகிற மாதிரி வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். காக்கைகள் எழுந்து போகும்.